பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்க விண்ணப்பிக்கும் மலைப்பிள்ளைகளுக்கு

நீளமான த்ரெட். வீட்டில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால் கடைசி வரை படிங்க. குறிப்பாக போடியில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப் ஏறுகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனை டாக்டர். எம்பிபிஎஸ். ஒவ்வொரு வருஷமும் நீட் ரிசல்ட் வந்த வாரத்தில் ஓ.பி. சீட்டோடு சேர்த்து இன்னொரு கேள்வியும் வரும். "மேடம், பாப்பாவுக்கு எம்பிபிஎஸ் கிடைக்காது போல. பி.ஏ.ன்னு ஒரு படிப்பு இருக்காமே. அதுவும் டாக்டர் மாதிரிதானாமே?" (பக்கத்தில் நின்ற தாத்தா ஒருத்தர், "பி.ஏ.ல ஹிஸ்டரியா, எக்கனாமிக்ஸா?" என்று கேட்டார். அவர் சந்தேகம் அவருக்கு.)

டாக்டர் மாதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டென்ட் படித்தவர் டாக்டரின் மேற்பார்வையில் வேலை செய்பவர். தனியாக கிளினிக் போட முடியாது. தானாக மருந்து எழுதிக் கொடுக்க முடியாது. பெயருக்கு முன்னால் டாக்டர் போட முடியாது. இந்த மூன்றையும் கேட்ட பிறகும் படிக்கணும்னு தோணினால் மேலே படிங்க. ஏன்னா இது மட்டமான வேலை கிடையாது. நல்ல வேலை. ஆனால் வேற வேலை.

இந்தப் படிப்பு பிறந்தது அமெரிக்காவில். 1965-ல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்துவிட்டு வந்த நாலு பேரை வைத்து ஆரம்பித்தார். அனுபவம் இருக்கு, கை பழகியிருக்கு, பட்டம்தான் இல்லை. அப்படிப்பட்டவர்களை வீணாக்க வேண்டாம் என்பது அவர் கணக்கு. இந்தியாவுக்கு வந்தது 1992-ல், நம்ம சென்னை வழியாக. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம்.செரியன் தொடங்கினார். 1975-ல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் இந்தியாவின் முதல் பைபாஸ் ஆபரேஷன் செய்தவர் அவர்தான். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் நம்ம ஊரில் பி.ஏ.க்களை அதிகம் பார்ப்பது இதய அறுவை சிகிச்சைப் பிரிவுகளில்.

அங்கே அவர்கள் என்ன செய்கிறார்கள்? நோயாளி அட்மிட் ஆனதும் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்டு எழுதுவார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய டெஸ்ட் எல்லாம் வந்ததா, ரத்தம் மெலிய வைக்கும் மாத்திரையை நிறுத்தியாச்சா என்று பார்ப்பார்கள். தியேட்டரில் உதவிக்கு நிற்பார்கள்; பைபாஸுக்கு காலில் இருந்து ரத்தக்குழாய் எடுத்துத் தருவதும் பல இடங்களில் அவர்கள்தான். அப்புறம் ஐ.சி.யூ. ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் சம்மரி, வீட்டாருக்கு விளக்கம். பெரிய டாக்டர் ரெண்டு நிமிஷம் பேசிவிட்டுப் போன பிறகு, "அவரு என்னம்மா சொன்னாரு?" என்று நம்ம ஆட்கள் கேட்பது இவர்களிடம்தான்.

சரி, விண்ணப்பம்.

கூகுளில் தேடினால் கட்டுரை எழுது, சிபாரிசுக் கடிதம் வாங்கு, ஆயிரக்கணக்கான மணி நேரம் நோயாளிகளோடு வேலை செய்த அனுபவம் காட்டு என்றெல்லாம் வரும். அது அமெரிக்கக் கல்லூரிகளுக்கு. தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடம் வேண்டும் என்றால் ரெண்டே விஷயம்தான் பேசும். பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் மார்க். கையில் இருக்கும் சான்றிதழ். மார்க் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சான்றிதழில்தான் நம்ம மலைப்பிள்ளைகள் கவிழ்கிறார்கள்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அம்மா போடியில் ஒரு ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்குகிறவர். அப்பா பூப்பாறை பக்கம் எஸ்டேட் வேலை. பிள்ளை எட்டாவது வரை அப்பாவோடு மலையில் இருந்தாள். இடுக்கி மாவட்டத்தில் தமிழ் மீடியம் பள்ளி. ஒன்பதாவதில் இருந்து போடியில். மார்க் நல்ல மார்க். விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, வெளிமாநிலத்தில் படித்த வருஷங்கள் இருப்பதால் நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும் என்று. கடைசித் தேதிக்கு ஒன்பது நாள்.

"நாங்க போடிக்காரங்கதான மேடம். எங்க தாத்தா காலத்துல இருந்து இங்கதான ஓட்டுப் போடுறோம்?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்வி. மலைக்கு மேலே அவர்கள் பாண்டிக்காரர்கள். கீழே இறங்கினால் கேரளாவில் படித்த பிள்ளை. ரெண்டு பக்கமும் வெளியூர் ஆள் என்றால் அந்தப் பிள்ளை எந்த ஊர்?

இ-சேவை மையத்தில் பதிவு செய்து, வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று சுற்றினார்கள். காப்பாற்றியது எது தெரியுமா? அப்பாவின் பழைய மாற்றுச் சான்றிதழ். அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். போடியில் அவர் படித்த பள்ளி கொடுத்த அந்தத் தாளை அவருடைய அம்மா டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். சான்றிதழ் கைக்கு வந்தது கடைசித் தேதிக்கு முந்தின நாள். அந்த ஒன்பது நாளும் அம்மாவுக்கு ஸ்டோரில் கூலி இல்லை.

அதனால் பிளஸ் டூ பரீட்சை முடிந்த வாரமே தொடங்குங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டு அதிகாரி கொடுத்ததாக இருக்கணும். நம்ம மாநிலத்தில் 69 சதவீத இட ஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதில் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லை என்றால் உங்களுக்கு உரிமையான இடத்தை விட்டுவிட்டு மீதி 31-ல் மட்டும் போய் மோதணும். பளியர், முதுவர் பிள்ளைகளுக்கு இன்னும் முக்கியம்: எஸ்.டி. சான்றிதழ் கொடுப்பவர் தாசில்தார் இல்லை, ஆர்.டி.ஓ. விசாரணை இருக்கும், நாள் ஆகும். பதினொன்றாம் வகுப்பிலேயே வாங்கி வைத்துவிடுங்க.

வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். இது குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான். அண்ணன் ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் தங்கைக்குக் கிடையாது. பெண்பிள்ளை ஆறாம் வகுப்பில் இருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருந்தால் மாசம் 1000 ரூபாய் புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பரில் வந்தது. இந்தப் பிள்ளை ஆறு, ஏழு, எட்டு மலைமேல் படித்தவள். கணக்கு உங்களுக்கே புரியும்.

அடுத்தது, இதற்கென்று தனி விண்ணப்பம் கிடையாது. நர்சிங், பி.பார்ம்., பிசியோதெரபி, ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி எல்லாவற்றுக்கும் சேர்த்து கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு அறிவிப்பு கொடுக்கும். கவுன்சிலிங்கில் விருப்ப வரிசை கொடுக்கும்போதுதான் பி.ஏ.வா, வேறயா என்பது முடிவாகும். அங்கே பக்கத்து வீட்டு அக்கா சொன்ன வரிசையைப் போடாதீங்க. பெயரில் 'பிசிஷியன்' இருப்பதால் முதலில் போடுகிறவர்கள் நிறைய. டயாலிசிஸ் படித்தவரின் வேலை ஒரு மெஷினோடும் ஒரு அறையோடும் இருக்கும். பி.ஏ. வேலை நாள் முழுக்க மனுஷர்களோடு, டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்றுகொண்டு. எது உங்களுக்கு ஒத்துவரும் என்று யோசிச்சு வரிசை போடுங்க.

அரசு வேலை நிச்சயம் என்று நினைத்தும் வராதீங்க. நான் வேலை பார்த்த எந்த அரசு மருத்துவமனையிலும் இந்தப் பெயரில் ஒரு பணியிடத்தைப் பார்த்ததில்லை. லேப் டெக்னீஷியன், ரேடியோகிராபர், பார்மசிஸ்ட் இருக்கிறார்கள். பி.ஏ.க்கு வேலை பெரும்பாலும் மதுரை, கோவை, சென்னை தனியார் மருத்துவமனைகளில்தான். அரசு வேலைதான் லட்சியம் என்றால் நர்சிங்கை மேலே போடுங்க. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் இந்தத் தொழிலும் இருக்கிறது. நல்லது. ஆனால் சட்டத்தில் பெயர் வந்ததும் நாளைக்கே போஸ்டிங் வந்துவிடாது.

இப்போ ஏஜென்ட் கதை. அந்தப் பிள்ளை வீட்டுக்கும் ஒருத்தர் வந்தார். 25,000 அட்வான்ஸ் கொடுத்தால் சீட் உறுதி, படித்து முடித்தால் நேரா அமெரிக்கா, அங்கே பி.ஏ.க்கு டாலரில் சம்பளம் என்றார். அமெரிக்காவில் பி.ஏ.க்கு நல்ல சம்பளம் என்பது உண்மை. மீதி பொய். அங்கே பி.ஏ.வாக வேலை செய்ய பான்ஸ் என்ற தேர்வு எழுதணும். அதை எழுத, அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பி.ஏ. பள்ளியில் படித்து முடித்திருக்கணும். நம்ம ஊர் பி.எஸ்சி.யை வைத்து நேராக அந்தத் தேர்வு எழுத முடியாது. அங்கே போய் மறுபடி முதுகலையாகப் படிக்கணும். அந்த இடத்துக்குத்தான் நான் முன்னால் சொன்ன கட்டுரை, சிபாரிசு, அனுபவ மணி நேரம் எல்லாம். பிரிட்டனிலோ, இந்தத் தொழிலை அவர்களுடைய மெடிக்கல் கவுன்சில் முறைப்படுத்தத் தொடங்கியதே 2024 டிசம்பரில்தான்.

ஏஜென்ட் சொன்ன கல்லூரியின் பெயரை டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் தேடினோம். இல்லை. ஏதாவது நிகர்நிலைப் பல்கலைக்கழகமா என்று பார்த்தோம். அதுவும் இல்லை. ஒரு கடைக்கு மேலே இரண்டாவது மாடி. நாலு வருஷம் போன பிறகு அந்தத் தாளை எந்த மருத்துவமனை எச்.ஆரும் திரும்பிப் பார்க்க மாட்டார். பணம் கட்டுவதற்கு முன் இந்த ஒரு தேடலை மட்டும் செய்யுங்க. போன் போதும், பத்து நிமிஷம்.

அந்தப் பிள்ளையிடம் நான் ஒன்று கேட்டேன். "நீட் போச்சு, அதனால இதுன்னு வர்றியா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "தெரியல மேடம்" என்றாள். நேர்மையான பதில். சரி, தோட்டத்தில் யாருக்காவது முடியாமல் போனதைப் பார்த்திருக்கியா, அதைச் சொல்லு என்றேன்.

அவள் சொன்னது இதுதான். காலை எட்டு மணிக்கு ஏலத்துக்கு மருந்தடிக்க இறங்கிய அண்ணன். வாயில் துண்டுகூடக் கட்டவில்லை. காற்று எதிர்ப்பக்கம். பதினொரு மணிக்குத் தலைவலி என்றார், வெயில் என்று விட்டுவிட்டார்கள். அப்புறம் வாந்தி. அப்புறம் சட்டை நனையும் அளவு வேர்வை, வாயில் எச்சில் ஒழுகியது, கண் மங்குது என்றார். ஜீப்பில் ஏற்றும்போது பன்னிரண்டரை. போடிமெட்டில் இருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தோம். மருந்து டப்பாவை நான்தான் பையில் போட்டு எடுத்து வந்தேன், டாக்டர் கேட்பாங்கன்னு.

பூச்சி மருந்து விஷத்தைப் பார்த்த எந்த டாக்டருக்கும் இதற்கு மேல் தேவையில்லை. அந்த டப்பாவில் குயினால்பாஸ் என்று போட்டிருந்தால் அட்ரோபின் எடுக்கக் கை தானாகப் போகும். நேரம் வரிசையாக இருக்கிறது. பார்த்ததை மட்டும் சொன்னாள், இதனாலதான் இப்படி ஆச்சு என்று தன் முடிவைக் கலக்கவில்லை. ஹவுஸ் சர்ஜன்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க எங்களுக்கு மாசக்கணக்கில் ஆகிறது. கூடவே அவளுக்கு மலையாளமும் வரும். கட்-ஆஃபில் இதற்கு அரை மார்க்கூட இல்லை என்பது என் வருத்தம். ஆனால் வேலைக்கான இன்டர்வியூவில் இருக்கும். என்றைக்காவது வெளிநாட்டுப் பள்ளிக்குக் கட்டுரை எழுதினால் அங்கேயும் இருக்கும்; 'சிறு வயது முதல் சேவை செய்ய ஆசை' என்று எல்லோரும் எழுதுவதை இவள் எழுத வேண்டியதில்லை.

அவள் முதலில் பி.ஏ., இரண்டாவது நர்சிங் என்று வரிசை போட்டாள். முதலாவதே கிடைத்தது, ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம். அரசுக் கல்லூரி கிடைக்கவில்லை; அங்கே இடம் குறைவு, போட்டி அதிகம். ஃபீஸுக்கு அப்பா எஸ்டேட்டில் முன்பணம் வாங்கியிருக்கிறார். அது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. கல்விக் கடனுக்கு வங்கியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் இல்லை.

இந்த வருஷம் விண்ணப்பிக்கிறவங்க தேர்வுக் குழுவின் விளக்கக் கையேட்டை நீங்களே ஒரு தடவை முழுசாப் படிங்க. விதிகள் வருஷா வருஷம் மாறும், போன வருஷம் படித்த அக்கா சொன்னது இந்த வருஷம் பொருந்தாமல் போகலாம். அப்பா அம்மா படித்த பள்ளியின் பழைய தாள் எதுவாக இருந்தாலும் இன்றைக்கு ராத்திரியே தேடி எடுங்க. கரையான் அரிச்சிருந்தால் அந்தப் பள்ளி ஹெட்மாஸ்டரிடம் நகல் கேளுங்க. லீவு விட்டுட்டா பள்ளியில் ஆள் இருக்காது.