மண்ணும் மெத்தை வீடும்

'வீட்டைக் கட்டிப் பார்' என்றுதான் நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். 'வாங்கிப் பார்' என்று சொல்லவில்லை. நல்லூரில் பழைய மண்சுவர் வீட்டைப் பிரித்துவிட்டு அதே மனையில் புதிய வீடு எழுப்பியபோது அந்த வேறுபாடு எங்களுக்கு விளங்கியது. தன் வீட்டைத் தானே கட்டுவதென்பது கரண்டி பிடிப்பதன்று. எந்தச் சுவர் எதனால் எழ வேண்டும், ஏன் என்று தீர்மானிக்கிற பொறுப்பைப் பிறர் கையில் விட்டுவிடாமலிருப்பது. நண்பர்கள் சிலர் வழிமுறைகளைக் கேட்டிருந்தமையால் எழுதுகிறோம்.

பர்மிங்காமில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007), காந்தியடிகள் கூறிய ஒரு கருத்தைத் தம் தொழிலுக்கு அடிப்படையாகக் கொண்டிருந்தார்: வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் ஐந்து மைல் வட்டத்துக்குள் கிடைப்பவையாக இருக்க வேண்டும் என்பது அது. எங்கள் வட்டத்துக்குள் மணிமுத்தாறும் செங்கல் சூளையும் இருந்தன. சற்று அப்பால் விருத்தாசலம். அகலும் கொலு பொம்மையும் பியூஸ் கட்டையும் செய்து, களிமண்ணைச் சுட்டே பிழைக்கிற பட்டறைகள் நிறைந்த ஊர். ஆகவே சுட்ட மண் என்பது எங்களுக்குப் புத்தகச் செய்தியன்று.

அந்த வழியில் தேடியபோதுதான் ரே மீக்கரைப் பற்றி அறிந்தோம். 1971இல் டெபோரா ஸ்மித்துடன் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய அமெரிக்கர் அவர். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலீலியின் முயற்சிகளை ஒட்டி, 1980களில் அவர் பச்சை மண்கற்களால் வளைகூரை வீடுகளை எழுப்பி, உள்ளே செங்கலும் ஓடும் அடுக்கி, வீட்டையே சூளையாக்கிக் கொளுத்தினார். நெருப்பு அணைந்தபின் வீடும் சுடப்பட்டிருக்கும். உள்ளிருந்த சரக்கை விற்று எரிபொருள் செலவில் ஒரு பங்கை ஈடுசெய்யலாம். ஆரோவில்லில் உள்ள 'அக்னி ஜாதா' அவ்வாறு பிறந்த வீடு. படித்த பிள்ளைகளாகிய எங்களுக்கு இதில் மயக்கம் ஏற்பட்டதில் வியப்பில்லை. சுடாவிட்டாலும் மண்வீடே கட்டலாமே என்று அம்மாவிடம் சொன்னோம்.

"மண்ணுலயே பொறந்து மண்ணுலயே கெடந்தவளுக்கு மண்ணோட அரும தெரியாதா தம்பி? வருசா வருசம் செவுத்த மொழுவுனவ நானு. எனக்கு மெத்த வூடுதான் வேணும்."

எங்கள் பக்கத்தில் மெத்தை வீடு என்றால் தளம் போட்ட வீடு. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய விடியலில் எங்கள் கூரை பறந்துபோனது. மண்ணை விரும்புவது, அதை மெழுக வேண்டிய கட்டாயம் இல்லாதவர்களுக்கு எளிது என்பதை அம்மா சொல்லாமல் சொன்னாள். இதன்பின் எங்கள் கேள்வி மாறிற்று: காற்றுக்கு அஞ்சாத கூரையின்கீழ், சுட்ட மண்ணை எவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்தலாம்?

சுவருக்குப் பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டைத் தேர்ந்தோம. செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்துவாட்டில் நிறுத்தி, நடுவே மூன்று அங்குல வெற்றிடம் விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர் கிடைக்கும். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். இடையிலுள்ள காற்று வெயிலைத் தடுக்கும். அளவு பிசகாத செங்கல் இதற்கு முதல் தேவை. மூலைகளையும் கதவு, சன்னல் ஓரங்களையும், அடிவரிசையையும் மேல்வரிசையையும் இடைவெளியின்றிக் கட்ட வேண்டும். கொத்தனாருக்குப் பழக்கமில்லையென்றால் முதலில் மூன்றடி உயரத்துக்கு ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லுங்கள். நாங்கள் கட்டச் சொன்ன அன்று மாலையே மேஸ்திரியின் ஐயம் தீர்ந்தது.

தளத்தில்தான் அம்மாவின் விருப்பமும் எங்கள் விருப்பமும் சேர்ந்தன. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பியே. அங்குள்ள கான்கிரீட்டுக்குக் கம்பியைப் பிடித்து வைப்பதைத் தவிர அதிக வேலையில்லை. ஆகவே கம்பிக் கட்டங்களுக்கிடையே மங்களூர் ஓடுகளை வைத்து அதன்மேல் கான்கிரீட் இட்டோம். ஓடுகளை முன்னதாக நீரில் ஊறவைக்க வேண்டும், இல்லையேல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும். கம்பியின் கணக்கைப் பொறியாளர் போட்டுத் தர வேண்டும். இதில் சிக்கனம் கூடாது.

பொருளை நாங்களே வாங்கி, கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசினோம். கடைக்கால், பேஸ்மட்டம், லிண்டல், தளம் எனப் படிப்படியாகப் பணம் கொடுப்பதாக எழுதிக்கொண்டோம். சாம்பல் கலந்த சிமென்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும். அந்த வேலையை வீட்டாரே ஏற்பது நல்லது. அனுமதியைப் பொறுத்தவரை, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி பெறும் வசதி 2024 ஜூலையில் வந்தது.

கடைசியாகப் பூச்சு. எலிப்பொறிக் கட்டின் அழகு வெளியே தெரியட்டும், செலவும் மிச்சம் என்றோம். "பூசாம உட்டா, காசில்லாம உட்டுட்டாங்கன்னுதான் ஊரு பேசும்" என்றாள் அம்மா. கூரைவீட்டில் ஐம்பது ஆண்டுகள் இருந்தவளிடம் ஊர்ப்பேச்சைப் பொருட்படுத்தாதே என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. தெருப்பக்கச் சுவரைப் பூசி வெள்ளையடித்தோம். மற்ற மூன்று பக்கமும் செங்கல் செங்கல்லாகவே நிற்கிறது.

மேஸ்திரி இப்போது பக்கத்து ஊரில் எலிப்பொறிக் கட்டில் ஒரு வீடு எடுத்திருக்கிறார். அங்கும் தெருப்பக்கத்தை மட்டும் பூசித் தரச் சொல்லியிருக்கிறார்களாம்.