ஒழுகாத ஓட்டை

நவம்பர் 8, சனி

செல்ஃப் எடுத்ததும் பத்மினி கார் பற்றிக்கொண்டது. ஐந்தாறு விநாடி ஓடியது. பிறகு தள்ளாடி நின்றது. மறுபடி செல்ஃப், மறுபடி அதே கதை. ஆறு தடவைக்கு மேல் பேட்டரியை வதைக்க மனம் வரவில்லை.

அப்பா 1986-இல் வாங்கிய வண்டி. 1089 சிசி, நான்கு சிலிண்டர், ஸ்டியரிங்கில் கியர். 2023 அக்டோபரோடு மும்பையில் கடைசி பத்மினி டாக்சியும் ஓய்ந்தபோது, இதையும் கொடுத்துவிடச் சொன்னவர்கள் உண்டு. வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை.

பட்டறைக்குப் போன் போட்டேன். "கார்புரேட்டர் கிட், பாயிண்ட், கண்டன்சர், பிளக் எல்லாம் மாத்திடலாங்க" என்றார்கள். நாடி பிடிக்காமல் எழுதிய மருந்துச் சீட்டு அது. நாளை நானே பார்ப்பதென்று முடிவு செய்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு காலை

எஞ்சின் எப்படி நிற்கிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. செல்ஃப் சுற்றும்வரை ஓடி, சாவியை விட்ட நொடியே விளக்கை அணைத்ததுபோல் நின்றால், இக்னிஷன் சுவிட்சையும் காயிலுக்குப் போகும் கரண்டையும் பார்க்க வேண்டும். சாவியை விட்ட பிறகும் சற்று ஓடி, இழுத்து இழுத்து அடங்கினால் பெட்ரோலைச் சந்தேகப்பட வேண்டும்.

மகளை உட்கார வைத்துச் சாவியைத் திருகச் சொன்னேன். "எப்ப நிக்குது, கண்ணு?"

"சாவிய விட்ட அப்புறமும் ஓடுதுங்கப்பா. இழுத்துட்டுத்தான் நிக்குது."

ஊகத்தை நம்பாமல் சோதித்தோம். சிரிஞ்சில் முப்பது மில்லி பெட்ரோல் எடுத்து, கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் விட்டேன். ஒன்றரை நிமிடம் ஒரு பிசிறில்லாமல் ஓடி, பழையபடி தள்ளாடி நின்றது. கொடுத்ததைக் குடித்துவிட்டு ஓடுகிறது என்றால் தீப்பொறி சரி, கார்புரேட்டரும் சரி. வரவேண்டிய பெட்ரோல்தான் வரவில்லை. பட்டறை சொன்ன பட்டியல் முழுவதும் அந்த ஒன்றரை நிமிடத்தில் அடிபட்டுப் போயிற்று.

ஞாயிறு மாலை

அடுத்த கேள்வி, வழியில் எங்கே தடை? டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் வராது. மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை.

எஞ்சின் நன்றாக ஆறட்டும் என்று காத்திருந்தோம். தீப்பொறி வராதபடி காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குப் போகும் குழாயை ஒரு பாட்டிலுக்குள் பிடித்தேன். மகள் செல்ஃப் கொடுத்தாள். துடித்துத் துடித்துப் பாய வேண்டிய பெட்ரோல் நுரையும் குமிழியுமாகக் கசிந்தது.

பெட்ரோலை இழுக்கும் ஏசி பம்பின் டயாபிராம்தான் போய்விட்டதோ என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அந்தக் குமிழிகள் வேறு கதை சொல்லின. பெட்ரோலோடு காற்றும் எங்கிருந்தோ நுழைகிறது. ஒரு புது டியூப்பைப் பம்பின் வாயில் மாட்டி, மறுமுனையை நேராக பெட்ரோல் கேனில் விட்டோம். இப்போது பாட்டிலில் பளிச் பளிச்சென்று அடித்தது. பம்பு நல்ல பம்பு!

மிஞ்சியது டேங்கிலிருந்து பம்பு வரைக்குமான வழி. பம்பை ஒட்டிய ரப்பர் ஓஸைக் கழற்றி வளைத்தேன். கிளிப்புக்கு அடியில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. இவ்வளவு நாளும் ஒரு சொட்டு கீழே சிந்தியதில்லை, சிந்தவும் சிந்தாது. அந்த இடம் டேங்கின் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே நடப்பது உறிஞ்சல். ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுகலைத் தேடுகிற கண்ணுக்கு இந்த ஓட்டை அகப்படாது.

நவம்பர் 10, திங்கள்

ஒரு சாண் ஓஸ், இரண்டு கிளிப். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ஓஸாகக் கேட்டு வாங்கினேன். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது; அந்தக் காலத்து ரப்பர் அதை நினைத்துச் செய்யப்பட்டதல்ல.

மாட்டியதும் சற்று நேரம் செல்ஃப் சுற்றியது; பெட்ரோல் ஏறியது; பற்றிக்கொண்டது. பத்து நிமிடம் ஸ்லோவில் நின்று ஓடியது. மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பழைய வண்டிகள் பல, பழுதால் சாவதில்லை. பொறுமையாகக் கேட்க ஆளில்லாமல் பழைய இரும்புக்குப் போகின்றன. ஒவ்வொரு சோதனையும் ஒரு சந்தேகத்தையாவது தீர்க்க வேண்டும். தீர்ந்த பிறகுதான் பாகத்தில் கை வைக்க வேண்டும்.

டேங்க் பக்கத்து ஓஸுக்கும் இதே வயதுதான். வரும் ஞாயிறு அதை மாற்ற வேண்டும்.