ஒரு மூடி மருந்து

தமிழ் கற்பிப்பவன் நான். விஞ்ஞானம் என் துறையன்று. ஆயினும் ஹற்றனை அடுத்த எங்கள் பாடசாலையில் சுகாதாரப் பொறுப்பும் சில ஆண்டுகளாக என் தலையில்தான். 2022-இல் விலைவாசி ஏறி, சவர்க்காரம் வாங்கவே கை தயங்கிய நாள்களில், மலசலகூடம் கழுவும் கிருமிநாசினியை வாளிக்கு ஒரு மூடி மட்டும் ஊற்றுமாறு கட்டளையிட்டவனும் நானே. "வாசம் வந்தால் போதும்" என்றேன். அதற்குச் சிக்கனம் என்று பெயரும் சூட்டிக்கொண்டேன்.

பின்னர் ஒருமுறை பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி பல நாள் வகுப்புக்கு வரவில்லை. அவளுடைய தாய் கொழுந்து பறிப்பவள். மிலாறு குத்திய கால் புரையோடி, மருத்துவமனையில் வாரக்கணக்கிற் கிடந்தாள். சூடோமோனாஸ் என்னும் பற்றீரியாவாம்; கொடுத்த மருந்துகளிற் பல பலிக்கவில்லையாம். திரும்பி வந்த பிள்ளை என்னிடம் கேட்டாள்:

"தினமும் மருந்து போட்டுத்தானே சேர் கழுவுனாங்க, அது ஏன் சாகல?"

இலக்கண ஐயமாயின் உடனே தீர்த்திருப்பேன். இதற்கு விஞ்ஞான ஆசிரியரிடம் போனேன். அவர் தந்த கட்டுரைகளை அகராதியோடு படித்தேன்.

'நாசினி' என்ற சொல் முழு அழிவை வாக்களிக்கிறது. உரிய செறிவில், உரிய நேரம் விட்டுவைத்தால் பெரும்பாலும் வாக்கைக் காப்பாற்றவும் செய்கிறது. நீர்த்த மருந்தோ சில கிருமிகளைக் கொன்று, எஞ்சியவற்றின் நடத்தையை மாற்றிவிடுகிறது. பற்றீரியாவின் உறையில், உட்புகுந்த நஞ்சை வெளியே இறைத்துத் தள்ளும் நுண்ணிய பம்பிகள் உண்டு. மருந்தின் சாயல் பட்டதும் அவை மும்முரமாகின்றன. சில கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பசைபோன்ற படலத்தைச் சுரந்து, அதனடியிற் பதுங்குகின்றன. வாளியின் அடியில் விரலை வழுக்குமே, அந்தப் படலந்தான்!

இதிற் கொடுமை வேறொன்று. நாசினியை இறைக்கும் அதே பம்பி, நோயாளிக்குக் கொடுக்கும் அன்டிபயோட்டிக் மருந்தையும் இறைத்துவிடக்கூடும். பென்சல்கோனியம் குளோரைட்டைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சூடோமோனாஸை வளர்த்தார்கள் அயர்லாந்தின் கால்வே நகர ஆய்வாளர்கள். சிப்ரோபுளொக்சசின் என்ற மருந்தை ஒருநாளும் கண்டிராத அக்கிருமி, அதையும் எதிர்த்து நின்றது; 2010-இல் இது வெளியாயிற்று. 2018-இல் மெல்பேணிலிருந்து இன்னொரு செய்தி. அங்குள்ள மருத்துவமனைகளிற் சேகரித்த ஓரினக் குடற்கிருமியில், 2010-க்குப் பிந்தியவை பழையவற்றைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு அற்ககோலைத் தாங்கின. அற்ககோலால் துடைத்த கூண்டுகளிலிருந்தும் அவை எலிகளின் குடலிற் குடியேறின. தாங்கும் கிருமியெல்லாம் கொடியதாகிவிடும் என்று சொல்லவில்லை. சிலவற்றின் வளர்ச்சி மந்தமாவதும் உண்டு.

அந்தத் தாயின் புண் ஏன் ஆறவில்லை என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் எங்கள் போத்தலின் சீட்டைப் பார்த்தேன். அதே பென்சல்கோனியம் குளோரைட்! பருத்தித் துணி இதனை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அழுக்கும் இதன் வலியைக் குறைக்கும். எங்களிடமோ பழைய சீலைத் துணி. அழுக்கைக் கழுவிவிடப் போதிய நீரில்லை. நான் அனுமதித்த ஒரு மூடியில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

எங்கள் பாட்டன் பூட்டன் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் தடுத்துவைக்கப்பட்டார்கள். உடலும் உடைமையும் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. இங்கே வந்தபின் கிடைத்தது லயத்துக் காம்பரா. அன்றும் நாசினி தாராளமாய் இருந்திருக்கிறது. குழாயும் மலசலகூடமும்தான் இல்லை.

அடுத்த நாள் சுத்தஞ்செய்யும் அக்காவிடம் ஓர் அளவுக் குவளையைக் கொடுத்தேன். முதலில் சவர்க்காரமிட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகே மருந்து, சீட்டில் உள்ள அளவுப்படி. பத்து நிமிடம் காயவிடக் கூடாது. வாளியை வெறுமையாக்கிக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்றேன். அவர் குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாசம் வந்தாப் போதும்னு நீங்கதானே சேர் சொன்னீங்க?"

"நான் சொன்னது பிழை, அக்கா."

"சரி சேர். தேச்சுக் கழுவத் தண்ணி? மாசி மாசம் பீலி காஞ்சு போகுமே?"

குழாய் கேட்டு எழுதிய கடிதத்தின் பிரதி என் மேசையிலேயே இருந்தது. அது மூன்றாவது கடிதம். அன்று மாலை நான்காவதை எழுதினேன். பெற்றோர் முப்பத்தெட்டுப் பேர் ஒப்பமிட்டார்கள். அக்காவும் இட்டார்.