முதலில் பார்க்கப் பழகு

வரிக்குதிரை மீனின் கருவில், பின்னர் மூளையும் தண்டுவடமுமாகும் நரம்புக்குழல் உருவாவதைப் படிக்க நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்து ஆய்வகம் ஒன்றில் சேர்ந்தேன். வந்ததுமே மரபணுவை மாற்றும் வேலையில் இறங்கிவிடலாம் என்ற ஆசை எனக்கு. ஆனால், கற்றுக்கொடுத்த சேச்சி முட்டைக்குள் செலுத்தும் ஊசியைத் தொடவே விடவில்லை. "முதல்ல பாத்துப் பழகு மோளே. நேரா வளர்ற கரு எப்படி இருக்கும்னு தெரியாம, கோளாறு எதுன்னு எப்படிச் சொல்லுவே?" என்றார், தமிழும் மலையாளமும் கலந்து.

வரிக்குதிரை மீன் நம் நாட்டு மீன். கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி 1822-இல் எழுதிய பிரான்சிஸ் ஹாமில்டன்தான் இதை முதலில் விவரித்தவர். அமெரிக்காவின் ஓரிகானில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை மரபியல் ஆய்வுக்குரிய உயிரியாக ஆக்கினார். கரு தாய்க்கு வெளியே வளர்கிறது. கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். ஒரே நாளில் தலையும் வாலும் தெரிந்துவிடும்.

காலையில் விளக்கு எரிந்ததும் ஆண், பெண் மீன்களுக்கு இடையிலுள்ள தடுப்பை எடுப்போம். முட்டைகள் வலைத்தட்டு வழியே அடியில் விழும். அவற்றை டீ வடிகட்டியில் அள்ளிக் கழுவி, பூஞ்சை பிடிக்காமலிருக்க மெத்திலீன் நீலம் கலந்த உப்புநீரில், 28.5 டிகிரியில் வைப்போம். வெப்பம் குறைந்தால் வளர்ச்சியும் பிந்தும் என்பதால், எத்தனை மணி நேரக் கரு என்பதோடு உடல் கணுக்களையும் எண்ணித்தான் பருவத்தைக் குறிப்போம்.

நுண்ணோக்கியின் அடியில் கருவைப் புரட்ட, குச்சி நுனியில் ஒட்டிய இமைமுடிதான் கருவி. அதைவிடக் கெட்டியான எதுவும் கருவைக் கீறிவிடும். பத்து மணி நேரக் கருவில் மஞ்சள் கருவின் மேல் நரம்புத்தகடு பரந்து கிடக்கும். இருபக்கச் செல்களும் நடுக்கோட்டை நோக்கி நகர்ந்து குவிந்து, முதலில் உள்ளே வெற்றிடமில்லாத தண்டாகும்; பிறகுதான் நடுவில் துளை திறக்கும். மனிதக் கருவின் பெரும்பகுதியில் தகடு மடிந்து விளிம்புகள் ஒட்டிக் குழலாகிறது. வழி வேறு என்றாலும் செல்களுக்குத் திசை சொல்லும் மரபணுக்கள் பல இரண்டுக்கும் பொது.

அவற்றுள் ஒன்று வாங்கல்2. அது பழுதுபட்ட கரு குட்டையாகவும், நரம்புத்தகடு அகன்றும் இருக்கும். உள்ளே நடப்பது இன்னும் நுட்பம். தண்டு உருவாகும் வேளையில் நடுக்கோட்டருகே செல் இரண்டாகப் பிரிந்து, ஒன்று எதிர்ப்பக்கம் போய்ச் சேரும். வாங்கல்2 அறவே இல்லாத கருவில் பிரிந்த செல்களுக்குத் தம் வரிசைக்குள் மீண்டும் நுழையத் தெரிவதில்லை, நடுவிலேயே குவிந்துவிடுகின்றன. அந்தக் கட்டத்தில் செல் பிரிவை நிறுத்தினால் குழல் பெருமளவு ஒழுங்காகிறது என்று 2006-இல் காட்டினார்கள். பிரிந்த செல்களுக்குத் திரும்பும் திசை தெரியாததே சிக்கல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஊசி கைக்கு வந்தபோது பொறுமையும் வந்திருந்தது. முட்டை ஒற்றைச் செல்லாக இருப்பது முதல் முக்கால் மணி நேரம் மட்டுமே. கண்ணாடி ஊசியின் நுனியை இடுக்கியால் கிள்ளி, ஒரு துளியை எண்ணெயில் விட்டு விட்டத்தை அளப்போம், 0.12 மில்லிமீட்டர் இருந்தால் ஏறக்குறைய ஒரு நானோலிட்டர். பிறகு, அகரோஸ் கூழின் பள்ளத்தில் வரிசையாக நிற்கும் முட்டைகளுக்குள் மரபணுவை மாற்றும் கரைசலைச் செலுத்துவோம். ஊசி படாத உடன்பிறப்புக் கருக்கள் பக்கத்துத் தட்டில் இருந்தே ஆக வேண்டும். அவை இல்லாமல் எந்த முடிவையும் சேச்சி ஏற்கமாட்டார்.

இந்தக் கண்டிப்புக்குப் பொருள் இருக்கிறது; நாங்கள் பார்ப்பது மீனோடு நின்றுவிடுவதில்லை. நரம்புக்குழல் கோளாறுள்ள மனிதர்கள் சிலரிடமும் வாங்கல் குடும்ப மரபணுக்களில் மாற்றங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மரபணு மட்டுமே காரணமன்று. வால்ப்ரோயேட் போன்ற வலிப்பு மருந்தும் ஆபத்தைக் கூட்டும். வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கான பதிவேட்டை இதே நகரின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் 1998 முதல் நடத்திவருகிறது. மனிதக் கருவில் குழல் மூடுவது 28 நாளுக்குள். பலருக்குக் கர்ப்பம் என்றே தெரியாத காலம் அது. ஆகவேதான் கருத்தரிக்கும் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்கிறார்கள். வலிப்பு மருந்து எடுப்பவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது புதிதாக வருகிறவர்களிடம் நானும் ஊசியைக் கொடுப்பதில்லை. பழுதில்லாத கருக்கள் நிறைந்த தட்டைக் கொடுத்து, கணுக்களை எண்ணிப் படம் வரையச் சொல்கிறேன்.