இரண்டு சாவிகள்

பாண்டுப் மலைச்சரிவில் ஓரறை வீடு. பத்தாம் வகுப்பு படிக்கும் மகள், பழைய குறிப்பேடுகளின் பின்பக்கங்களில் கதைகள் எழுதி அரிசி டப்பாவுக்குப் பின்னே மறைத்து வைப்பாள். தம்பி ஒன்றை உரக்கப் படித்து நகைத்த நாள்முதல் அவள் எழுதவில்லை. பிறந்தநாளுக்கு மைப்பேனா வாங்கலாம் என்றார் தந்தை. நல்ல பொருள்தான், ஆனால் குறை பேனாவில் இல்லையே!

மகள் பாடநூலிலிருந்து படித்துக்காட்டிய ஆன் ஃபிராங்க் தாயின் நினைவுக்கு வந்தாள். ஆம்ஸ்டர்டாமில், 1942 ஜூன் 12 அன்று, 13ஆம் பிறந்தநாளில் அச்சிறுமி பெற்றது சிவப்பும் வெள்ளையுமாய்க் கட்டமிட்ட ஏடு. அதற்கொரு சிறு பூட்டும் உண்டு. அடுத்த மாதமே நாஜிகளுக்கு அஞ்சி அவள் குடும்பம் ஒளிந்தது. எண்மர் நெருங்கி வாழ்ந்த மறைவிடத்தில் அவள் மனம்விட்டுப் பேசியது அவ்வேட்டோடுதான்.

மாட்டுங்காவில் தாய் வாங்கியவை ஒரு தடித்த குறிப்பேடும் பூட்டுடன் கூடிய தகரப்பெட்டியும். பூட்டுக்கு இரு சாவிகள். இரண்டையும் மகளிடமே கொடுத்தார்.