ஈரக் கை

வீட்டிலிருந்தபடியே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். புதுக்கோட்டையில் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருக்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது பாக்கெட் போகும். காலையில் அரிசி களையும்போது நனைகிற கை, ராத்திரி கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்க்கும்வரை முழுசாகக் காய்வதில்லை. வாங்க வருகிறவர்களில் பாதிப்பேர் இப்போது பணத்தைப் போனில்தான் போடுகிறார்கள். “வந்திருச்சா பாருங்கக்கா” என்று வாசலில் நிற்பார்கள். பார்க்க வேண்டுமென்றால் போன் திறக்க வேண்டும். போன் திறக்க வேண்டுமென்றால் என் விரலை அதற்குத் தெரிய வேண்டும்.

தெரியாது. நைட்டியில் துடைத்துவிட்டு வைத்தாலும் தெரியாது. ஐந்து முறை தவறினால் முப்பது விநாடி காத்திருக்கச் சொல்லும். வாசலில் ஆள் நிற்கும்போது முப்பது விநாடி எவ்வளவு நீளம் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத்தான் புரியும். பின் நம்பர் போடலாமே என்பீர்கள். ஈர விரலுக்குத் தொடுதிரையும் சொன்னபடி கேட்பதில்லை, நான்கை அழுத்தினால் ஏழு விழுகிறது.

மொபைல் கடைக்குக் கொண்டுபோனேன். கடைத் தம்பி தன் விரலைப் பதிந்து பார்த்தான். ஒவ்வொரு முறையும் திறந்தது. “போன்ல ஒண்ணுமில்லக்கா, உங்க விரல்லதான் ரேகை தேஞ்சுபோயிருக்கு” என்றான். நல்ல பிள்ளை, பரிவாகத்தான் சொன்னான். ஆனால் வழியெல்லாம் அந்த வாக்கியம் உறுத்திக்கொண்டே வந்தது. பழுது போனில் இல்லை, என்னில் இருக்கிறது. எத்தனை இடத்தில் எத்தனை விதமாகக் கேட்ட வாக்கியம் இது! ரவிக்கைத் துணியிலிருந்து பஸ் படிக்கட்டுவரை, பொருந்தாவிட்டால் பொருந்தாதது நாம்தான்.

அந்தச் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். என் போனில் அது பக்கவாட்டுப் பொத்தானில் இருக்கிறது. விரல் நுனியில் மேடும் பள்ளமுமாக ஓடும் கோடுகளைப் படம் பிடிப்பதில்லை அது. மேடு தொடுகிற இடத்துக்கும் பள்ளம் விலகி நிற்கிற இடத்துக்கும் உள்ள மின்தேக்க வேறுபாட்டை அளக்கிறது. பள்ளத்தில் தண்ணீர் நின்றால் மேடு பள்ளம் எல்லாம் ஒன்றாகிவிடும். சோப்பிலும் சாம்பலிலும் தோல் வறண்டு வெடித்தால் மேடுகூடச் சரியாகத் தொடாது. ஈரமும் ஆகாது, வறட்சியும் ஆகாது. ஒரு நாளில் பத்து முறை ஈரமாகி பத்து முறை வறளும் கை என் கை. அடுப்படியில் நிற்கிற எல்லாப் பெண்களின் கையும் அப்படித்தான். போதாததற்கு, பெண்களின் ரேகைக்கோடுகள் பொதுவாக ஆண்களுடையதைவிட மெல்லியவை, நெருக்கமானவை. வயது ஏற ஏறத் தோலின் இழுவிசையும் குறையும். இத்தனையும் தெரிந்த பிறகு அந்தத் தம்பியின் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்: விரலில் ஒன்றுமில்லை, வேலை செய்கிற விரலை நினைத்து அந்தப் பொத்தானை யாரும் செய்யவில்லை.

சரி, போனைத் தூக்கிப் போடவா முடியும்? செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பழைய பதிவுகள் எல்லாவற்றையும் அழித்தேன். சின்னப் பொத்தான் என்பதால் விரலின் ஒரு கீற்றைத்தான் அது பார்க்கிறது. அதனால் ஒரே விரலை இரண்டு தனி விரல்கள் போல இரண்டு முறை பதிந்தேன், ஒருமுறை நேராக வைத்து, ஒருமுறை நாம் அவசரத்தில் வைக்கிற மாதிரி ஓரமாகச் சாய்த்து. பதியும் நேரத்தையும் மாற்றினேன். குளித்து எண்ணெய் தடவிய ஞாயிற்றுக்கிழமை விரலைப் பதிந்தால், அது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் திறக்கும். வேலை முடிந்து, கை துடைத்து, கால் மணி நேரம் ஆன பிறகு பதிந்தேன். போனின் உறை தடிமனாக இருந்ததால் விரல் பொத்தானில் முழுசாகப் படியவில்லை, அதை மாற்றினேன். பொத்தானில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது, காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தேன். (திரைக்கு அடியில் சென்சார் உள்ள போன் என்றால் தடித்த கண்ணாடி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், கண்ணாடி மாற்றினால் விரலையும் மறுபடி பதிய வேண்டும்.) எல்லாவற்றையும்விட முக்கியம், எந்த விரல் என்பது. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் உளுந்தைத் தேய்க்கின்றன, பாத்திரத்தைச் சுரண்டுகின்றன, பூண்டு உரிக்கின்றன. அதிகம் வேலை செய்யாத விரல் ஒன்று எனக்கு இருக்கிறதா என்று தேடினேன். இடது கை மோதிர விரல் இருந்தது. இப்போது பத்துக்கு எட்டு முறை திறக்கிறது.

இந்த ஆராய்ச்சியில்தான் விரல் ரேகையின் பழைய கதை கண்ணில் பட்டது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய அதிகாரி, ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஓர் ஒப்பந்தத்தில் பதித்தார். பிறகு அந்த ஆள் ‘இது என் கையெழுத்தில்லை’ என்று மறுத்துவிடக் கூடாது என்பதற்காக. சாலை போடும் பொருள் கொடுப்பதற்கான ஒப்பந்தம் அது. நம்பாத கைக்குத்தான் அன்றைக்கும் மை தடவினார்கள்.

சாலைக்கான ஜல்லி என்றதும் எனக்கு அம்மா ஞாபகம். அம்மா கல்குவாரியில் சுத்தியல் பிடித்தவள். 1991இல் எங்கள் மாவட்டத்துக்கு அறிவொளி இயக்கம் வந்தபோது பகலில் கல் உடைத்துவிட்டு ராத்திரியில் எழுத்துக் கூட்டியவள். அதுவரை ‘கைநாட்டு’. எழுதத் தெரியாதவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் திட்டுவார்கள். கையெழுத்துப் போடக் கற்ற பிறகு யாராவது மைப்பெட்டியை நீட்டினால் தள்ளிவிட்டுப் பேனாவைக் கேட்பாள். இன்றைக்கு ரேஷன் கடை மெஷின் மறுபடி விரலைக் கேட்கிறது. பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைக்கச் சொல்கிறார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. “கையெழுத்துப் போடுறேன்யா, அது வேண்டாமா?” என்று அம்மா ஒருநாள் கேட்டாளாம். வேண்டாமாம்.

போனுக்கு வருகிறேன். பழைய பதிவுகளை அழித்தேன் என்றேனே, அப்போது பட்டியலில் மூன்று இருந்தன: விரல் 1, விரல் 2, விரல் 3. நான் பதிந்தது இரண்டுதான். மூன்றாவது யாருடையது என்று போன் சொல்லாது. எங்கள் வீட்டுக்காரர்தான் போன் வாங்கிய அன்றைக்கு எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுத்தார். கேட்டேன். “ஆமா, ஒரு அவசரத்துக்கு இருக்கட்டுமேன்னு வச்சேன்” என்றார், ஒளிக்காமல். அவர் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். வழவழப்பான விரல். என் போனை நான் திறக்கத் திணறும்போதெல்லாம் அவர் வாங்கி, தொட்டு, திறந்து கொடுப்பார். உதவி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் கெட்டவர் இல்லை, என் வாட்ஸப்பைத் துழாவுகிறவரும் இல்லை. ஆனாலும் என் மாவுக் கணக்கும், என் தங்கச்சி அவள் வீட்டு விவகாரத்தை அழுது அனுப்பிய குரல் பதிவுகளும் இருக்கிற பெட்டி, எனக்குத் திறப்பதைவிட அவருக்குச் சுலபமாகத் திறக்கிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவருடைய போனில் என் விரல் இருக்கிறதா என்றும் கேட்டேன். சிரித்தார். “உன் விரலத்தான் எந்த மெஷினும் எடுக்காதே!”

விரல் 3ஐ நான் திரும்பப் பதியவில்லை. இரண்டு நாள் முகம் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், சாம்பார் நன்றாயிருந்த அன்று பேசினார். தங்கச்சிக்கு நான் சொன்னது வேறு. அவள் வீட்டில் நிலைமை மோசம். தூங்கும்போது விரலை எடுத்து வைத்தாலும் போன் திறந்துவிடும், அதனால் விரலே வைக்காதே, நீளமான நம்பர் வை என்றேன். ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் வருகிற பட்டியலில் ‘லாக்டவுன்’ என்று ஒன்று உண்டு. அதைத் தொட்டால் அடுத்த முறை நம்பர் போடும்வரை எந்த விரலுக்கும் திறக்காது. சில போன்களில் இதைச் செட்டிங்ஸில் போய் முதலில் இயக்கி வைக்க வேண்டும். அவளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு என் பழைய போனைக் கொடுத்தேன். பத்து விரலும் வைத்துப் பார்த்தோம், ஒன்றும் ஏறவில்லை. “நம்பர் இருக்குல்ல, அது போதும்” என்றாள். எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு எண்ணாகத் தேடி அழுத்தினாள். மறந்துவிட்டால் என்ன செய்வது, என்ன நம்பர் என்று கேட்டேன்.

“ஒனக்கெதுக்குடி?” என்றாள்.