மூன்றாவது போத்தல்

லேசர் செய்தது அக்காவின் கண்ணுக்கு. ஆனால் நாங்கள் அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் "நாங்கள் லேசர் செய்தனாங்கள்" என்றே சொல்லிப் பழகிட்டம். கலியாணப் படத்தில கண்ணாடி வேண்டாம் என்பது அம்மாவின் ஆசை. சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கும் அந்த ஆசை இருந்தது.

மைனஸ் 5. பி.ஆர்.கே. முறையில் செய்தார்கள்: கோர்னியாவின் மேல்தோலை எடுத்துவிட்டு, கீழே லேசரால் செதுக்கி வளைவைக் குறைப்பது. தோல் தானாக வளரும். முதல் மூன்று நாள் பட்ட நோ இருக்கே! பிறகு தூரத்துக் கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு நிண்டம்.

ஐந்தாம் மாதம் பஸ் நம்பர் மங்கியது. சோதித்தால் மைனஸ் 1. கண் ஆறும்போது தோல் தடித்து வளர்ந்தால் பழைய வளைவு கொஞ்சம் திரும்புமாம். அதை அடக்க ஃபுளோரோமெதலோன் என்ற ஸ்டீரோயிட் சொட்டு மருந்து, நாளுக்கு நாலு தரம், பிறகு படிப்படியாகக் குறைத்து. ரெண்டு போத்தல் முடிய மைனஸ் அரை. நிறுத்தினதும் திரும்ப மங்கல்.

திரும்பச் சனல் பண்ணக் காசு வேணும். பழைய துண்டைக் காட்ட, பாமசியில் ஒரு கேள்வியும் இல்லாமல் மூன்றாவது போத்தலைத் தந்தார்கள். பிறகு நாலாவது. மற்ற ஸ்டீரோயிட்டுகளைவிட இது சாந்தமானது என்று எங்கேயோ வாசிச்சிருந்தம், அந்தத் தைரியம். நோவில்லை, சிவப்பில்லை, பார்வையும் நல்லாத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்துப் போனால் கண்ணழுத்தம் 29. வழமையில் 10க்கும் 21க்கும் இடையில் இருக்கவேணும். ஸ்டீரோயிட் சிலருக்குக் கண்ணின் நீர் வடியும் பாதையை அடைத்துவிடும். அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு சாகும், ஓரத்திலிருந்து பார்வை போகும், போனது திரும்பாது. லேசரால் மெலிந்த கோர்னியாவில் அளந்தால் உள்ளதைவிடக் குறைத்தும் காட்டலாம். அப்ப உண்மையில் 29ஐயும் விடக் கூடவாக இருந்திருக்கும்.

"ஆர் பிள்ளை இதை எழுதித் தந்தது?" என்று டொக்டர் கேட்டார். நாங்கள் ஆளையாள் பார்த்தம்.

நரம்பு தப்பியிருந்தது. ஸ்டீரோயிட்டை நிறுத்தி, அழுத்தத்தைக் குறைக்க வேறு சொட்டு. ஆறு கிழமையில் 15. மைனஸ் 1 அப்படியே இருக்கு, கண்ணாடி எடுத்தாச்சு. போனில் அந்தப் பழைய அலாரம் இன்னும் காலையும் இரவும் அடிக்குது, இப்ப மற்றச் சொட்டுக்கு.